ஒரு இஞ்ச் வாட்டம்

சட்டைக்குக் கை பொருத்தித் தைப்பது என் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பன்னிரண்டு வருடங்களாக அதைத்தான் செய்கிறேன். காலையில் பட்டாபிராமில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் இரண்டு டீயும் ஒரு சாப்பாடும் தவிர மாலை வரை எழுந்திருக்க முடியாது. இடது பக்கத்திலிருந்து பண்டல் வரும். கையைப் பொருத்தி, மெஷினில் ஓட்டி, வலது பக்கம் தள்ள வேண்டும். அங்கே காலர் தைக்கிற அக்கா காத்திருப்பார்.

நாங்கள் உட்காரும் ஸ்டூலுக்கு நான்கு இரும்புக் கால், மேலே ஒரு சதுரப் பலகை. முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. இருந்தாலும் எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. ஊசியைப் பார்க்கக் குனிந்தே ஆகவேண்டும், சாய்வதற்கு எங்கே நேரம்?

வலி எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அது என்னைப் பிடித்து நிறுத்திய நாள் மட்டும் தெரியும். சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், ஆனால் பாதியோடு நின்றுவிட்டேன். நிமிரவும் முடியவில்லை, திரும்ப உட்காரவும் முடியவில்லை. டேபிளைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றேன்.

"இன்னாமே, கீழ இன்னா தேடற?" என்று காலர் அக்கா கேட்டார்.

"ஒண்ணும் தேடலக்கா. நிமிர முடியல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் இடுப்பில் கையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். சரியாக வலிக்கிற இடத்தில் விரல் போய் நின்றது. "எனக்கு ஆறு வருசமா இதே எடத்துல கீது," என்றார். அதுவரை அவர் என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தேன். எங்கள் லைனில் முக்கால்வாசிப் பேருக்கு அதே இடம், அதே வலி. கல்யாணமானால் வரும், குழந்தை பெற்றால் வரும் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கல்யாணமாகாத பெண் ஒருத்தி, "அப்ப எனக்கு ஏன்கா வருது?" என்று கேட்டாள். 

நான் வீட்டிலிருந்து ஒரு பஞ்சுத் திண்டு கொண்டுபோய் ஸ்டூலில் போட்டேன். முதல் நாள் சுகமாக இருந்தது. மூன்றாம் நாள் பஞ்சு அமுங்கி, அதில் என் இடுப்பு புதைந்து, வலி முன்னைவிட அதிகமானது. ஆவடியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். பொறுமையானவர்தான். படமெடுத்துப் பார்த்து, எலும்பில் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். படுத்துக்கொண்டு செய்ய இரண்டு பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். பிறகு, "உட்கார்ந்து செய்யற வேலையைக் குறைச்சுக்கோங்கம்மா," என்றார்.

"நின்னுக்கினு கை தைக்க முடியாதுங்களே டாக்டர்."

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து செருப்பைப் போடக் குனிந்தபோது சிரிப்பு போய்விட்டது. வேலையை விடுவது என்பதை அன்றுதான் முதன்முதலாக நிஜமாக யோசித்தேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கை தைப்பதைத் தவிர வேறு எதையும் நான் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் கொத்தனார். வெள்ளானூர் பக்கம் புதிதாக எழும்பும் வீடுகளில் அவருக்கு எப்போதும் வேலை இருக்கும். எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இடத்துக்குத் தரை போட்டது அவர்தான். மழை வந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் சீக்கிரம் வடியாது. அந்தப் பயத்தில் தரைக்குத் தேவைக்கு மேலேயே வாட்டம் கொடுத்துவிட்டார். தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சரிவாகப் போடுவதைத்தான் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். சுவரோரம் சோப்பு டப்பாவை வைத்தால் அது தானாகச் சாக்கடைப் பக்கம் நகர்ந்து போகும். அதற்காக நான் அவரைத் திட்டாத வாரம் இல்லை.

அன்றைக்கு இரண்டு வாரத் துணி சேர்ந்திருந்தது. மர ஸ்டூலைச் சாக்கடைப் பக்கம் பார்த்துப் போட்டு உட்கார்ந்து, முன்னால் இருந்த கல்லில் துணியை வைத்துப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். கடைசி வாளியை எடுக்க எழுந்தேன், நிமிர்ந்தேன், கொடிக்கயிறு வரை நடந்தேன். பெட்ஷீட்டை உதறிப் போட்ட பிறகுதான் உறைத்தது. இடுப்பு பிடிக்கவே இல்லை.

அவரைக் கூப்பிட்டேன். டீ டம்ளரோடு வந்தார்.

"ஒன்றரை மணி நேரமா குனிஞ்சிக்கினு கீறேன். வலிக்கவே இல்ல."

"லீவு நாளுல்ல, அதான்."

"கம்பெனில இதே மாதிரி குந்தினா அர மணில உயிர் போவுது. ரெண்டும் ஸ்டூலுதானே?"

அவர் ஸ்டூலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப அந்தாண்ட திரும்பிக் குந்து," என்றார். ஸ்டூலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். இப்போது சரிவு எனக்குப் பின்னால் இருந்தது. சும்மா ஒரு துணியை எடுத்துத் தேய்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பழைய இடத்தில் சுருக்கென்றது.

அவர் உள்ளே போய், தரை சமமா என்று பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துவந்தார். ஸ்டூலை மறுபடியும் சாக்கடைப் பக்கம் திருப்பி, பலகை மேல் அதை வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழி ஒரே பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது. முன்கால்களுக்கு அடியில் ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிக் குமிழி நடுவில் வரும்வரை உயர்த்தினார். டேப்பை வைத்து அளந்தார்.

"ஒரு இஞ்ச்சு," என்றார். "நீ ஒரு இஞ்ச்சு முன்னால எறங்கிக் குந்திக்கினு இருந்திருக்கே."

"அப்ப நீங்க தப்பா போட்ட தரையிலதான் எனக்கு நல்லா கீதா?"

"தப்பாப் போட்டேன்னு யாரு சொன்னது?" என்றார். அன்று முழுவதும் அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் இருந்தது.

நான் ஸ்டூலில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பார்த்தேன். பலகை சமமாக இருந்தால், துணியைப் பார்க்கக் குனியும்போது இடுப்பு அப்படியே இருக்கிறது, முதுகு மட்டும் கூன் போட்டு வளைகிறது. பலகை முன்னால் கொஞ்சம் இறங்கியிருந்தால் இடுப்பும் சேர்ந்து முன்னால் சாய்கிறது, முதுகு கூன் போட வேண்டியதில்லை. பாரத்தில் கொஞ்சத்தைப் பாதங்களும் வாங்கிக்கொள்கின்றன. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் இரண்டு பிளைவுட் துண்டுகளைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கேட்டில் பையைச் சோதிக்கும் அம்மா, "இன்னாமா இது, பலகை?" என்றார். "ஸ்டூலு ஆடுதுங்க. காலுக்கு அண்டக் குடுக்க," என்றேன். பின்கால்களுக்கு அடியில் அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாட்கள் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் நேராக எழுந்து போனேன். காலர் அக்கா மட்டும் என் ஸ்டூலை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நான்காம் நாள் தடிமனான துணி வந்தது. பெடலை அழுத்தி மிதித்தேன். ஸ்டூல் பின்னால் நகர்ந்து, பிளைவுட் துண்டு நழுவி, நானும் ஸ்டூலும் ஒன்றாகச் சாய்ந்தோம். மேலே ஒரு பண்டல் சட்டைக் கைகள் விழுந்தன. முழங்கையில் சிராய்ப்பைத் தவிர அடி ஒன்றும் இல்லை. ஆனால் லைனே நின்றுவிட்டது.

எங்கள் சூப்பர்வைசர் ஓடிவந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துத் தம்பி, என்னைவிடப் பத்து வயது சின்னவர். "அக்கா, அடிபட்டுச்சா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று பதறினார். அடியில்லை என்று தெரிந்ததும்தான் கோபம் வந்தது. "இதை யாரைக் கேட்டு வச்சீங்க? ஊசி மேல விழுந்திருந்தா யார் பதில் சொல்றது?" பிளைவுட் துண்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அழுகை வந்தது. மூன்று நாள் வலி இல்லாமல் இருந்த பிறகு, அன்று சாயங்காலம் வரை அந்தச் சமமான பலகையில் உட்கார்ந்திருந்தது பன்னிரண்டு வருடத்தைவிட நீளமாக இருந்தது. ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடி ஆவடி வரை அழுதேன்.

நடந்ததைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "கட்டைய வெச்சா நழுவத்தான் செய்யும். காலையே கம்மி பண்ணணும்," என்றார்.

"கம்பெனி ஸ்டூல அறுக்க உடுவாங்களா?"

"நம்ம ஊட்டு ஸ்டூல அறுக்க யாரையும் கேக்கத் தேவல." பின்பக்கத்து மர ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, முன்கால் இரண்டிலும் ஒரு இஞ்ச் அறுத்து எடுத்தார். சமமான தரையில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நகரவில்லை, ஆடவில்லை.

அடுத்த நாள் அந்த ஸ்டூலை ரயிலில் தூக்கிக்கொண்டு போனேன். லேடீஸ் பெட்டியில் ஒரு காலேஜ் பெண், "ஆன்ட்டி, சீட்டு கெடைக்காதுன்னு கையோட எடுத்துக்கினு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். பெட்டியே சிரித்தது. எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

கேட்டில் விடவில்லை. வெளிச் சாமான் உள்ளே போகக்கூடாதாம். நான் ஓரமாக ஸ்டூலோடு நின்றுகொண்டேன். மேனேஜர் மேடத்தைப் பார்க்காமல் போகமாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் யாரிடமும் நான் அப்படி அடம் பிடித்ததில்லை. மேடம் பூந்தமல்லியிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருபவர், மதுரைக்காரர். காரை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"என்னம்மா இது, ஸ்டூலும் கையுமா நிக்கிறீங்க?"

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த விளக்கம் எல்லாம் மறந்துவிட்டது. "மேடம், இதுல ஒரு அர மணி நேரம் குந்தி வேல பாருங்க. புடிக்கலன்னா நான் இத எடுத்துக்கினு ஊட்டுக்குப் போயிடறேன்," என்றேன்.

அவர் என்னையும் ஸ்டூலையும் பார்த்தார். பிறகு செக்யூரிட்டியிடம், "என் ரூம்ல வைங்கய்யா," என்றார்.

பதினொரு மணிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது அதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் கம்ப்யூட்டரில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சுழல் நாற்காலி சுவரோரம் கிடந்தது. சூப்பர்வைசர் தம்பியும் நின்றிருந்தார்.

"மொதல்ல முன்னால தள்ளிவிடுற மாதிரித்தான் இருந்துச்சு," என்றார் மேடம். "ஆனா எந்திரிக்கையில இடுப்பப் பிடிக்கலையே. கார் ஓட்டி ஓட்டி எனக்கும் அந்தக் கூத்து உண்டு. இது யார் யோசனை?"

"எங்க ஊட்டுக்காரரு போட்ட தரை மேடம்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். துணி துவைத்தது, ரசமட்டம், பிளைவுட், விழுந்தது எல்லாம்.

சூப்பர்வைசர் தயங்கினார். "மேடம், திரும்ப நழுவுச்சுன்னா..."

"கட்டை வச்சாத்தானப்பா நழுவும்? காலையே வெட்டிட்டா எங்க நழுவுறது? ஆறு ஸ்டூல மட்டும் வெட்டிப் பாருங்க."

நான் பறக்காத குறையாக லைனுக்கு வந்தேன். ஆனால் அது அத்தனை சுலபமாக முடியவில்லை. மெயின்டனன்ஸில் ஆறு ஸ்டூலையும் கண் அளவில் அறுத்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் ஒன்றரை இஞ்ச்சுக்கு மேல் போயிருந்தது. காலர் அக்கா உட்கார்ந்ததும் முன்னால் வழுக்கினார்.

"இன்னாமே இது, சறுக்கு மரத்துல குந்த வெச்சுட்டியே! தைக்கறதா, காலால முட்டுக் குடுத்துக்கினு நிக்கறதா?"

சாயங்காலத்துக்குள் நான்கு பேர் பழைய ஸ்டூலைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். அக்கா தொடையைப் பிடித்துக்கொண்டே நடந்து போனார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. சூப்பர்வைசர் கோபமாகப் பேசவில்லை. "எல்லாருக்கும் சரிப்படாது போலக்கா," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அந்த அக்கா உன் உசரமா?" என்பதுதான். இல்லை, என் தோளுக்குத்தான் வருவார். "அப்ப உன் அளவு அவங்களுக்கு எப்பிடி சரியா வரும்? காலு தரையில படணும். அப்பால எவ்ளோ வாட்டம்னு பாக்கணும். ஒவ்வொருத்தரையா குந்த வெச்சுப் பாத்துத்தான் அறுக்கணும்."

மேடத்திடம் போய், என் வீட்டுக்காரரையே வரச் சொல்லலாமா என்று கேட்டேன். சனிக்கிழமை மதியம் மெஷின்களைத் துடைத்து எண்ணெய் விடும் நேரம். அப்போது வரட்டும் என்றார்.

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சலவைச் சட்டை போட்டு, பாக்கெட்டில் விசிட்டர் அட்டையைக் குத்திக்கொண்டு, கையில் ரசமட்டமும் சாக்பீஸுமாக அவர் எங்கள் லைனுக்குள் வந்தார். இருபது பெண்கள் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். கட்டடத்தின் மூன்றாவது மாடிச் சாரத்தில் நின்று பயப்படாதவருக்கு அங்கே வியர்த்துவிட்டது.

"அண்ணாத்தே, செவுரு வெக்க வந்தியா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருத்தரையும் மெஷின் முன்னால் உட்காரச் சொல்லி, பெடலை மிதிக்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து பார்த்தார். யாரையும் தொடவில்லை. என்னிடம்தான் சொல்வார். "பாதம் முழுசா படுதா பாரு. முட்டி இடுப்பவிட கொஞ்சம் கீழ கீதா பாரு." பிறகு ஸ்டூலைக் கவிழ்த்துக் கால்களில் சாக்பீஸால் கோடு போடுவார். மெயின்டனன்ஸ்காரர் கிரைண்டரில் அறுத்து, ரப்பர் புஷ் மாட்டுவார். ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு போய்வந்தது சூப்பர்வைசர் தம்பிதான். யாரும் அவரை அதைச் செய்யச் சொல்லவில்லை.

காலர் அக்காவின் ஸ்டூலில் நான்கு கால்களையும் குறைத்து, முன்கால்களை மட்டும் கூடுதலாக அரை இஞ்ச் குறைத்தார். அக்கா உட்கார்ந்தார். ஒரு காலரை எடுத்து ஓட்டினார். இன்னொன்றை ஓட்டினார். 

"இன்னாக்கா, எப்பிடிக் கீது?" என்றேன்.

"இரு மே, பேசாத. வலிக்குதான்னு பாத்துக்கினு கீறேன்."

பத்து காலர் முடிந்த பிறகுதான் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.  என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நல்லா இரு நைனா," என்றார்.

திங்கட்கிழமை காலையில் ஒரு புதுக் குழப்பம். கூட்டிப் பெருக்குபவர்கள் ஸ்டூல்களை டேபிள் மேல் ஏற்றி இறக்கியதில் பாதிப் பேர் முன்னும் பின்னும் மாறி, ஆளும் மாறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே கூச்சல். சூப்பர்வைசர் சிவப்புப் பெயின்ட் கொண்டுவந்து ஒவ்வொரு ஸ்டூலின் முன்பக்கத்திலும் கோடு போட்டு, அடியில் மெஷின் நம்பர் எழுதினார். இரண்டு வாரத்தில் அவரே மேடத்திடம் போய், மத்தியானத்துக்கு மேல் லைன் முன்பு போல் தளர்வதில்லை என்று சொன்னாராம்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டு பேர் சமமான ஸ்டூலே போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். என் வலியும் ஒரேயடியாகப் போய்விடவில்லை. மழை நாளில், வேலை அதிகமான நாளில் வந்து எட்டிப் பார்க்கும். டாக்டர் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்கிறேன். நடுவில் ஒரு தடவை எழுந்து நின்று தண்ணீர் குடிக்க மேடம் அனுமதி கொடுத்திருக்கிறார். வேலையை விடுவது பற்றி இப்போது நான் யோசிப்பதில்லை. மற்ற லைன்களுக்கும் அளவெடுத்து முடித்தாயிற்று. அடுத்து வாங்கும் ஸ்டூல்களில் கால்களைத் திருகி ஏற்றி இறக்க வசதி இருக்க வேண்டும் என்று மேடம் கேட்டு எழுதியிருக்கிறார்.

போன மாதம் என் தங்கையின் கடைசி மகளுக்கு ஆரணியில் காது குத்தினார்கள். நானும் வீட்டுக்காரரும் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் உட்கார்ந்தபடிதான். நான் துண்டை மடித்து இடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஆரணியில் இறங்கியதும் தங்கை வீட்டுத் தெரு தெரிந்தது. மேளச் சத்தம் கேட்டது. விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டேன். பாதித் தெரு போன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையிலும் சீர்ப் பைகளோடு அவர் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்.

"யம்மா, கொஞ்சம் நில்லு மே," என்றார். நின்றேன், ஒரு பையை வாங்கிக்கொண்டேன்.